கப்பல் பட்டியலில் நம்ம ஊர்

(சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில், வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் நகர் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

கோலப்போட்டி முடிவு அறிவிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆப்பிரிக்கா பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் மூன்றாவது தெரு நண்பர் ஒருவர், "சேலத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்னங்க சம்பந்தம்? சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசுங்க, உபயோகமா இருக்கும்" என்றார். சாக்கடைக்குத் தனிக் கூட்டம் இருக்கிறது. சம்பந்தம் என்று கேட்டால், அது நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட சம்பந்தம். சேலம் ஜில்லாவின் வரலாற்றில் ஒரு பகுதி சேலத்தில் இல்லை, டர்பனில் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, மெட்ராஸிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர். அந்தப் பகுதிக்கு அப்போது நாட்டால் என்று பெயர், ஆங்கிலேயர் காலனி. கரும்பு நட்டுவிட்டார்கள், வெட்ட ஆள் இல்லை. அங்கிருந்த ஜூலு மக்களுக்குச் சொந்தமாக நிலமும் மாடும் இருந்தன. அவர்கள் வெள்ளைக்காரர் தோட்டத்தில் வருடக்கணக்கில் கட்டுப்பட்டுக் கிடக்கத் தயாராக இல்லை. அடிமை வியாபாரமும் சட்டப்படி முடிந்துவிட்டது. அதனால் ஐந்து வருட ஒப்பந்தம் என்று எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு நம்மவர்களை ஏற்றினார்கள். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் கூலி, அப்புறம் வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். 1911இல் இந்த முறை நிறுத்தப்படும் வரை 384 நடை கப்பல் போயிருக்கிறது. மொத்தம் சுமார் 1,52,000 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் துறைமுகம் வழியாகப் போனவர்கள். தமிழ் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும்.

மொரீஷியஸுக்கு இதற்கு முன்பே, 1834இலிருந்தே போக ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் போனவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். அவர்கள் இறங்கிய படித்துறையை, ஆப்ரவாசி காட் என்று பெயர், 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதை வாட்ஸ்அப்பில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தத் தமிழ் எப்படி அங்கே போனது என்ற கதைதான் இது.

இப்போது சேலத்துக்கு வருவோம். நாட்டாலுக்குக் கப்பல் விடுவது 1866இல் நின்றுபோய், 1874இல் மறுபடி தொடங்கியது. தொடங்கி இரண்டே வருடத்தில் தாது வருடப் பஞ்சம். 1876இல் மழை பொய்த்தது, 1878 வரை சனங்கள் மடிந்தார்கள். நம் ஜில்லா எப்படி அடிவாங்கியது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கே போதும். 1871இல் சேலம் ஜில்லாவில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். பத்து வருடம் கழித்து 1881இல் எண்ணினால் சுமார் 16 லட்சம். கூட வேண்டிய தொகை மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. இவர்கள் எல்லோரும் கப்பலேறவில்லை. பெரும்பங்கு பேர் இங்கேயே செத்துப்போனார்கள். பிழைத்தவர்களில் கொஞ்சம் பேர் கண்டிச் சீமைக்கு நடந்தார்கள். கொஞ்சம் பேரை ஆள் பிடிக்கிறவன் மெட்ராஸ் டிப்போவுக்குக் கூட்டிப் போனான். ரயில்பாதை 1860களிலேயே சேலத்துக்கு வந்துவிட்டது. இன்றைக்கு நாம் ஏற்காடு எக்ஸ்பிரஸில் தூங்கிக்கொண்டே போகிற அதே வழித்தடம்தான்.

ஒரு ஆள் டிப்போவுக்குள் போய்விட்டால் அவரைப் பற்றி ஒரு வரி எழுதுவார்கள். இந்த ஒரு வரியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம். பிறகு ஜில்லா, தாலுகா, கிராமம். பிறகு உடம்பில் உள்ள அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு, நெற்றியில் பச்சை, வலது கையில் மச்சம் என்கிற மாதிரி. டர்பனில் இறங்கிய பிறகு எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பதும் சேர்ந்துகொள்ளும். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய குறிப்பு இது, அன்பினால் எழுதியதல்ல. ஆனால் எழுதி வைத்துவிட்டான். அந்தப் பட்டியல்கள் அழியாமல் இருக்கின்றன. டர்பனில் க்வாசூலு-நாட்டால் பல்கலைக்கழகத்தில் காந்தி–லுதுலி ஆவண மையம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே இந்தக் கப்பல் பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்த நாட்டுப் பதிவேடுகள் உள்ளன, பலருக்குப் புகைப்படத்தோடு. ஜில்லா என்ற பத்தியில் வட ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என்று வரும் பெயர்களோடு 'சேலம்' என்பதும் வருகிறது.

முப்பத்து நான்கு வருடம் தாலுகா ஆபீஸ் பதிவறையில் தூசி தின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அந்த மனிதர்களைப் பற்றி நம்மிடம் எந்தக் காகிதமும் கிடையாது. நம் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டை எடுத்தால் பட்டாதாரர் பெயர் இருக்கும். புல எண், பரப்பு, தீர்வை, கிணறு உண்டா என்பது வரை இருக்கும். அந்த நிலத்தில் பண்ணையாளாக உழுதவர் பெயர் இருக்காது. கூலிக்கு நெய்தவர் பெயர் இருக்காது. நிலம் இல்லாதவனுக்கு அரசாங்கக் காகிதத்தில் இடம் இல்லை. 1883இல் லெ ஃபானு என்ற அதிகாரி சேலம் ஜில்லா மானுவலை இரண்டு பாகமாக எழுதினார். ஜமீன்கள், ஏரிகள், கோயில்கள், வரி பாக்கி என்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் உதாரணத்துக்குச் சொல்கிறேன், 'குப்பன் மகன் முனியன், வயது 22, முழங்காலில் தழும்பு' என்கிற மாதிரி ஒரு வரியை அதில் தேட முடியாது. கப்பலேறினால்தான் அந்த வரி. நம் ஜில்லாவின் ஏழை சனங்களைப் பெயர், தகப்பன் பெயர், ஊர் என்று ஆள் ஆளாக எழுதிய பட்டியல் வேண்டுமானால் கடல் தாண்டித்தான் போக வேண்டும். ஆகவே டர்பனிலிருந்து யாராவது இங்கே வேர் தேடி வந்தால், அவர் நம்மிடம் கேட்க மட்டும் வரவில்லை. நமக்கு ஒன்றைக் கொண்டுவருகிறார் என்று நினைக்க வேண்டும்.

வருகிறவர்களுக்கு என்ன சிக்கல் என்றால், அந்தக் காகிதத்தில் இருக்கிற சேலம் இன்றைய சேலம் அல்ல. அன்றைய சேலம் ஜில்லாவில் சேலம், ஆத்தூர், நாமக்கல், திருச்செங்கோடு மட்டுமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர் எல்லாம் சேர்ந்ததுதான் சேலம் ஜில்லா. திருப்பத்தூர் 1911இல் வட ஆற்காட்டுக்குப் போனது. தருமபுரி 1965இல் தனி மாவட்டம், அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல். நாமக்கல் கதை இன்னும் வேடிக்கை. 1910இல் திருச்சி ஜில்லாவில் சேர்த்தார்கள், 1929இல் திரும்பச் சேலத்துக்கே கொண்டுவந்தார்கள், 1997 ஜனவரி 1 முதல் அது தனி மாவட்டம். அதாவது 1880இல் போன நாமக்கல்காரர் காகிதத்தில் சேலம் என்றும், 1911இல் கடைசிக் கப்பலில் போன நாமக்கல்காரர் காகிதத்தில் திருச்சி என்றும் இருக்கலாம். டர்பனிலிருந்து வருகிறவர் சேலம் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் ஊர்ப் பெயரைக் காட்டுகிறார். அவர் தேடுகிற ஊர் ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கும். இதைச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் அவருக்கு ஒரு வாரம் மிச்சம்.

அடுத்தது எழுத்து. மெட்ராஸ் குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். அதைப் பார்த்து டர்பன் குமாஸ்தா இன்னொரு விதமாக எழுதினார். முனுசாமி அங்கே மூன்சாமி ஆனார், முதலியார் மூட்லி ஆனார். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார் என்று சொல்வார்கள். உடனே நம் திருச்செங்கோட்டுக்காரர்கள், "அட, நம்ம ஆளு" என்று எழுந்துவிட வேண்டாம். தருமபுரி, ஆற்காடு பக்கத்தில் வன்னியருக்கும் கவுண்டர் பட்டம் உண்டு. அங்கே கோவெண்டர், பிள்ளை, நாயுடு, படையாச்சி என்பதெல்லாம் இப்போது வெறும் குடும்பப் பெயர். பாதிப் பேருக்கு அது சாதிப் பெயர் என்கிற நினைப்பே இல்லை. நல்லதுதான் என்பது என் கருத்து. இங்கே வந்ததும் நாம்தான் அதை ஞாபகப்படுத்தி, "நீங்க என்ன ஆளுங்க?" என்று முதல் கேள்வியாகக் கேட்கிறோம். அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொண்டால் போதும்.

சாதிக்குப் பதிலாகக் குலதெய்வத்தைக் கேட்கலாம். அங்காளம்மனா, பெரியாண்டிச்சியா, அத்தனூரம்மனா என்று தெரிந்தால் பங்காளிக் கூட்டம் எங்கே கும்பிடுகிறது என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம். பல குடும்பங்களுக்கு அது மறந்துவிட்டது. ஆனால் மாரியம்மன் மறக்கவில்லை. டர்பன் பக்கம் மவுண்ட் எட்ஜ்கோம்ப், இசிபிங்கோ என்ற ஊர்களில் மாரியம்மன் கோயில்கள் உள்ளன. புனித வெள்ளியன்று அங்கே பெருங்கூட்டம் கூடும். கிறிஸ்தவப் பண்டிகை நாளில் மாரியம்மனுக்கு என்ன திருவிழா என்று தோன்றும். கரும்புத் தோட்டத்தில் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது அந்த நாட்களில்தான் என்று காரணம் சொல்கிறார்கள். அம்மனும் லீவுக்குத் தகுந்தபடி நாளை மாற்றிக்கொண்டாள். ஆடி மாதத்தில் வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சிப் படைக்கிறார்கள். அதற்கு அவர்கள் ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'பாரிட்ஜ் பிரேயர்'. நம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் ஊற்றுகிற அதே கூழ். புரட்டாசி மாதம் கவிச்சி தொடாதவர்கள் அங்கே ஏராளம். புரட்டாசி வந்தால் நாமக்கல்லில் முட்டை விலை இறங்குவது நமக்குத் தெரியும். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், தமிழ் பேசத் தெரியாத ஒரு குடும்பம் அதே மாதம் கறிக்குழம்பை நிறுத்தி வைக்கிறது.

தமிழ் பேசத் தெரியாத என்று சொன்னேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்க நினைத்தவர்களுக்கு 1895இல் ஒரு சட்டம் போட்டார்கள்: தலைக்கு வருடம் மூன்று பவுன் வரி. மாதக் கூலியே சில ஷில்லிங்தான். இருபது ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வரியை எதிர்த்துத்தான் 1913இல் காந்தி தலைமையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போனது அந்தப் போராட்டத்தில்தான். அந்தப் பெண் தில்லையாடியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, பதினாறு வயதில் 1914 பிப்ரவரியில் அங்கேயே இறந்துபோனாள். அடுத்த வருடம் காந்திதான் தில்லையாடிக்கு வந்தார். அதற்குப் பிறகு இனவெறி ஆட்சி. 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வியாபாரத்தை முறித்துக்கொண்டது. நியாயமான முடிவு, உலகத்திலேயே முதலில் எடுத்தவர்கள் நாம். ஆனால் அதோடு போக்குவரத்தும் அற்றுப்போனது. 1993இல்தான் தூதரக உறவு திரும்பியது. இடையில் இரண்டு தலைமுறை போய்விட்டது. கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் மட்டும் படித்த பிள்ளைகள் வந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் 1996இல் எழுதிய அந்த நாட்டு அரசியல் சாசனத்தில், போற்றிப் பேணப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழ் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

நான் பணியில் இருந்த கடைசி வருடங்களில், டர்பனிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியைகள். கையில் ஒரே ஒரு தாள். ஜில்லா சேலம், தாலுகா திருச்செங்கோடு, கிராமம் புதுப்பாளையம். நம் பக்கத்தில் புதுப்பாளையம் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அந்தக் காலத் திருச்செங்கோடு தாலுகா எடப்பாடி வரைக்கும் பரந்திருந்தது. அவர்களுக்கு வேறு என்ன தெரியும் என்று கேட்டோம். ஆயா ஆடியில் கூழ் காய்ச்சுவார், கேழ்வரகு கிடைக்காததால் சோளமாவில் காய்ச்சுவார். ஊரில் ஆறு உண்டு என்று ஆயாவின் ஆயா சொன்னதாக ஒரு பேச்சு. இவ்வளவுதான். ஆயா என்ற சொல்லை நம் ஊர் மாதிரியே அழுத்திச் சொன்னார்கள்.

கிராம நிர்வாக அலுவலர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு மூன்று இடம் போனோம். இரண்டாவது இடத்தில் நல்ல கூட்டம் கூடிவிட்டது. மோர் கொடுத்தார்கள், பூ வைத்துவிட்டார்கள். ஒருவர் உற்சாகத்தில், இடிந்து கிடந்த ஒரு மண்சுவரைக் காட்டி, "இதுதாம்மா உங்க பாட்டன் வீடு" என்றார். அந்த அம்மா சுவரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். "நிஜமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "சொல்ல முடியாதுங்க" என்றேன். "அப்படியானால் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன்" என்றார். சுவரைக் காட்டியவருக்குக் கொஞ்சம் வருத்தம். அவர் கெட்டவரில்லை, வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை.

மூன்று ஊரில் எது என்று கடைசி வரை தெரியவில்லை. மூன்று ஊர் மாரியம்மன் கோயிலிலும் கற்பூரம் ஏற்றிவிட்டு, மூன்று ஊர் மண்ணையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, மேலே பேர் எழுதி எடுத்துப் போனார்கள்.

ஊர் இருந்தால்தானே தேடலாம்? ஊரே இல்லாமல் போனதும் உண்டு. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது காவிரிக் கரையோரக் கிராமங்கள் நீருக்குள் போயின. சனங்கள் வேறு வேறு இடத்தில் குடியேறினார்கள். அணையில் தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதைப் பேப்பரில் போடுவார்கள். கப்பல் பட்டியலில் அப்படி ஒரு கிராமத்தின் பெயர் இருந்தால், வந்தவரை அணைக்கரையில் நிறுத்தித் தண்ணீரைக் காட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கிராமத்தார் எங்கே குடிபோனார்கள் என்று சொல்லக்கூடிய வயதானவர்கள் இன்னும் மேச்சேரி, கொளத்தூர் பக்கம் இருக்கிறார்கள். எவ்வளவு நாளைக்கு இருப்பார்கள் என்பதுதான் கேள்வி.

மண்சுவர் விஷயத்துக்கு ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி, தன் மூதாதையைத் தேடி மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டுக்குப் போனார். ஜுஃபுரே என்ற கிராமத்தில் ஒரு பெரியவர் வம்சாவளியை வாய்ப்பாடமாகச் சொல்ல, அதில் தன் முன்னோர் பெயர் வந்ததாக எழுதினார். 'ரூட்ஸ்' என்ற அந்தப் புத்தகம் 1976இல் வந்து உலகத்தையே கலக்கியது. மறு வருடமே ஒரு ஆங்கிலப் பத்திரிகையாளர் அந்தக் கிராமத்துக்குப் போய் விசாரித்தார். ஹேலி எதைக் கேட்க விரும்புகிறார் என்று அந்தப் பெரியவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று எழுதினார். வரலாற்று ஆய்வாளர்களும் கேள்வி எழுப்பினார்கள். புத்தகத்தின் வேகம் அதனால் குறையவில்லை. லட்சக்கணக்கானவர்களை அது தங்கள் தாத்தா யார் என்று கேட்க வைத்தது, அந்தப் பெருமையை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஒரு பெயரைச் சுற்றி இன்றுவரை சந்தேகம் நிற்கிறது. விருந்தாளியைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிற வார்த்தை பின்னால் அவருக்கே பாரமாகிவிடும்.

அவர்கள் நிலைமை நம்முடையதைவிடப் பல மடங்கு கொடியது, அதையும் சொல்லிவிட வேண்டும். அட்லாண்டிக் கடல் வழியாக ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றப்பட்டவர்கள் சுமார் ஒரு கோடியே 25 லட்சம் பேர். பெயரும் ஊரும் எழுதும் வழக்கமே இல்லை. சரக்குக் கணக்கு மட்டும்தான்: ஆண் இத்தனை, பெண் இத்தனை. கானா நாடு 2019ஆம் ஆண்டைத் 'திரும்பி வரும் ஆண்டு' என்று அறிவித்து அமெரிக்கக் கறுப்பின மக்களை அழைத்தது. முதல் ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவில் இறக்கப்பட்ட 1619இலிருந்து நானூறு வருடம் என்ற கணக்கு. வந்தவர்களுக்குத் திரும்புவதற்கு ஒரு கண்டம் இருந்தது, கோட்டை வாசல் இருந்தது. கிராமம் இல்லை. நம் இந்தியாவிலேயே கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கமும் குஜராத்திலும் சித்தி மக்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகவும் படைவீரராகவும் மாலுமியாகவும் வந்தவர்களின் வாரிசுகள். பறையும் ஆட்டமும் அவர்களிடம் மிஞ்சியிருக்கிறது. எந்த ஊர் என்று சொல்லும் காகிதம் இல்லை. ஏன், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் டச்சுக்காரர்கள் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு அடிமைகளைக் கொண்டுபோனார்கள், ட்ரூரோ கப்பலுக்கு நூறு இருநூறு வருடம் முன்பே. அவர்களுடைய ஊர் என்று எழுதியிருப்பது 'கோரமண்டல்' என்ற ஒரே சொல். தழும்பு வரைக்கும் எழுதப்பட்ட அந்த வரியின் மதிப்பு இதையெல்லாம் பார்த்தால்தான் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் உறுத்தலான விஷயம். டர்பன்காரர் வந்தால் மாலை போடுகிறோம். இதே சேலம், நாமக்கல், திருச்சிப் பக்கமிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் எண்ணிக்கையில் இதைவிட மிக அதிகம். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. யாரையும் கேட்டுச் செய்த முடிவு இல்லை. அவர்கள் வேர் தேடி வரவில்லை, பெட்டி படுக்கையோடு அனுப்பப்பட்டு வந்தார்கள். பாட்டன் ஊர்ப் பெயரை வைத்துத்தான் பலர் இந்தப் பக்கம் வந்தார்கள். நாம் அவர்களுக்கு வைத்த பெயர் 'சிலோன்காரங்க'. தாலுகா ஆபீஸ் திண்ணையில் அவர்கள் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சுற்றுலா விசாவில் வருகிறவருக்குக் காட்டுகிற மரியாதையில் பாதியை அன்றைக்குக் காட்டியிருக்கலாம்.

சட்டம் இப்போது கொஞ்சம் நெகிழ்ந்து வருகிறது. ஓசிஐ அட்டை பற்றி உங்களில் பலருக்குத் தெரியும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்களே. பொதுவாக அது கொள்ளுப்பேரன் தலைமுறை வரைதான். சூரினாமில் இருப்பவர்களுக்கு 2023இல் ஆறாம் தலைமுறை வரை நீட்டித்தார்கள். மொரீஷியஸ்காரர்களுக்கு 2024 மார்ச்சில் குடியரசுத் தலைவர் அங்கே போனபோது ஏழாம் தலைமுறை வரை என்று அறிவித்தார்கள். தலைமுறையை நீட்டினால் ஆதாரமும் நீள வேண்டும். ஆதாரம் அந்தக் கப்பல் வரிதான். ஆகவே தேடி வருகிறவர்கள் இனி கூடுவார்களே தவிரக் குறைய மாட்டார்கள்.

சரி, ஒரு குடியிருப்போர் சங்கம் இதில் என்ன செய்ய முடியும்? நிறையவே முடியும் என்று நினைக்கிறேன். நம் நகரில் முந்நூறுக்கு மேல் வீடு. ஏறக்குறைய எல்லோரும் ஏதோ ஒரு பட்டியிலிருந்தோ பாளையத்திலிருந்தோ வந்து இங்கே வீடு கட்டியவர்கள். ஒவ்வொரு வீட்டிலும் சொந்த ஊர் எது, அதற்குப் பழைய பெயர் உண்டா, எந்தத் தாலுகாவில் இருந்தது, குலதெய்வம் எங்கே, 'கப்பலுக்குப் போனவர்', 'கண்டிக்குப் போனவர்' என்று வீட்டில் யாரைப் பற்றியாவது பேச்சு உண்டா, இவ்வளவையும் எழுதினாலே முந்நூறு ஊர் பற்றிய ஒரு நோட்டு நம் கையில் இருக்கும். தாசில்தார் ஆபீஸில் இல்லாத பதிவேடு அது. கம்ப்யூட்டர் தெரிந்த நம் பிள்ளைகள் டர்பன், மொரீஷியஸ் பட்டியல்களிலிருந்து சேலம் ஜில்லா வரிகளைக் கேட்டு வாங்கி, ஊர்ப் பெயரைச் சரியான தமிழில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஆங்கிலத்தில் அரைகுறையாகக் கிடக்கும் ஊர்ப் பெயரை அடையாளம் காண இந்த மண்ணில் பிறந்த காது வேண்டும். அதை டர்பனில் செய்ய முடியாது. அப்படி யாராவது வந்தால் அவர்களுடைய தாளை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது நமக்கும் சேர வேண்டியது.

இதில் நம் சொந்தக் காரியமும் இருக்கிறது. நம் நகரில் தெருவுக்கு நாலு பிள்ளைகளாவது டெக்சாஸ், துபாய், சிட்னி என்று இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒருநாள் இந்தத் தெருவைத் தேடி வருவார்கள். அவர்கள் கையில் இருக்கப் போவது 'பழைய எண் 14, புதிய எண் 37ஏ' என்று ஒரு விலாசம். பதினைந்து வருடத்தில் இரண்டு தடவை கதவு எண் மாறியதும், பஞ்சாயத்தாக இருந்தது மாநகராட்சியானதும் நமக்குத் தெரியும். அவர்களுக்கு யார் சொல்வது?

சங்க அலுவலகத்தில் ஒரு நீள நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன், கோடு போட்டுத் தலைப்பும் எழுதியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நான் அங்கே இருப்பேன். எண்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் வர வேண்டாம், போன் செய்தால் நான் வீட்டுக்கு வருகிறேன். அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். மேட்டூர் அணைப் பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே, இந்தக் கூட்டம் முடிந்ததும், என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள்.